வெள்ளைச் சீருடையும் குற்றவாளிக் கூண்டும்

"வெள்ளைக்காரன்ர நாட்டில நேர்ஸ்மாரையும் தூக்கில போட்டவங்களாம். உண்மையே தம்பி?"

வட்டக்கச்சியில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். அவருடைய பேத்தி கைத்தொலைபேசியில் எதையோ வாசித்துக் காட்டியிருக்கிறாள். உண்மைதான் அக்கா, ஜேர்மனியில் நடந்தது என்றேன். "அதுகள் அப்பிடி என்ன செய்ததுகள்?" என்று அடுத்த கேள்வி வந்தது. அவர் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு அதற்கு முழுமையாக விடை சொல்லப் பொழுது போதவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். அந்தக் கேள்வியை அவர் ஏன் கேட்டார் என்பதையும் எழுதவேண்டியிருக்கிறது. உண்மையில் இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

ஜேர்மனியின் ஹெசன் மாநிலத்தில் லிம்பூர்க் நகருக்கு அண்மையில் ஹடமார் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே மனநோயாளருக்கான அரச வைத்தியசாலை ஒன்று இருந்தது. 1941 ஜனவரிக்கும் ஓகஸ்டுக்கும் இடைப்பட்ட எட்டே மாதங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளர் அதன் நிலவறையில் நச்சுவாயு செலுத்திக் கொல்லப்பட்டனர். மனநோயாளர், வலிப்புநோய் உள்ளோர், அங்கவீனர் முதலானோர் நாஜி அரசின் கண்ணில் வாழத் தகுதியற்றோர், ஊருக்குப் பாரம். வாயு நிறுத்தப்பட்ட பின்னர் 1942 ஓகஸ்ட் முதல் 1945 மார்ச் வரை வேறு வழி கையாளப்பட்டது. மோர்பின், ஸ்கொபொலமின் போன்ற மருந்துகளை அளவுக்கு மீறி ஏற்றினர், பட்டினியும் போட்டனர். இவ்வாறு மேலும் ஏறத்தாழ 4,400 பேர் இறந்தனர். வாயுவைத் திறந்துவிட மருத்துவர் ஒருவரே போதும். ஊசி போடுவதற்குத் தாதியர் வேண்டும். இந்த இரண்டாம் கட்டத்தில் கொலைத் தொழில் விடுதிக்குள், நோயாளியின் கட்டிலருகே வந்துவிட்டது.

1944இல் இன்னொரு வகையினர் அங்கே கொண்டுவரப்பட்டனர். ஜேர்மனியில் கட்டாய வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட போலந்து, சோவியத் தொழிலாளர்கள் அவர்கள். காசநோயாளர் என்று சொல்லி அனுப்பப்பட்டனர். சிகிச்சைக்கான ஊசி என்று கூறித் தாதியர் அவர்களைக் கட்டிலில் படுக்க வைத்தனர். வந்து சில மணி நேரத்துக்குள்ளேயே பலர் இறந்துபோயினர். நானூறுக்கும் மேற்பட்டவர்கள், குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர்.

1945 ஒக்டோபர் 8ஆம் திகதி வீஸ்பாடன் நகரில் அமெரிக்கப் படை நீதிமன்றம் இந்த வழக்கை எடுத்தது. நியூரம்பேர்க் வழக்கு தொடங்கும் முன்னரே நடந்து முடிந்துவிட்ட வழக்கு இது. கூண்டில் ஏழு பேர் நின்றனர். நிர்வாகி அல்போன்ஸ் கிளைன், முதுமருத்துவர் அடோல்ஃப் வால்மன், ஆண் தாதியர் ஹைன்றிச் றுவோஃப், கார்ல் வில்லிக், தலைமைத் தாதி இர்ம்கார்ட் ஹூபர், பதிவேட்டு எழுதுவினைஞர் அடோல்ஃப் மேர்க்லெ, மயானத்தைப் பார்த்துக்கொண்ட பிலிப் புளூம் ஆகியோரே அவர்கள். ஒரே வாரத்தில் தீர்ப்பு வந்தது. கிளைனும் இரண்டு ஆண் தாதியரும் 1946 மார்ச் 14ஆம் திகதி தூக்கிலிடப்பட்டனர். மருத்துவருக்கு ஆயுட் சிறை. தலைமைத் தாதிக்கு 25 ஆண்டுகள். தாம் கையால் ஊசி போடவில்லை என்பது அவருடைய வாதமாக இருந்தது. ஆனால் காலைதோறும் நடந்த கூட்டங்களில் அவரும் அமர்ந்திருந்தார்; நடப்பது இன்னதென்று அறிந்திருந்தார். அது போதும் என்று நீதிமன்றம் கருதியது.

வாசகர்கள் கவனிக்க வேண்டியது எழுதுவினைஞர் மேர்க்லெயின் தண்டனையை. அவர் எவரையும் தொட்டதில்லை. மேசையில் இருந்து மரணப் பதிவேட்டை எழுதினார். ஊசியால் இறந்தவரை நியூமோனியாவால் இறந்தார் என்றும் காசநோயால் இறந்தார் என்றும் எழுதினார். ஒரே நாளில் பலர் இறந்ததாகத் தெரியாதபடி திகதிகளை முன்பின்னாக மாற்றினார். அவருக்குக் கிடைத்தது 35 ஆண்டுகள். தலைமைத் தாதிக்குக் கிடைத்ததைக் காட்டிலும் பத்தாண்டுகள் அதிகம். பதிவேட்டில் பொய் எழுதுவதைக் கொலையின் ஓர் அங்கமாகவே அந்த நீதிமன்றம் கண்டது. பின்னே வரப்போகும் விடயத்துக்கு இது வேண்டியிருப்பதால் இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

ஹடமார் தனி நிகழ்வன்று. றாவன்ஸ்பிறுக் பெண்கள் முகாமின் தலைமைத் தாதி எலிசபெத் மார்ஷல் ஹம்பேர்க்கில் பிரித்தானியப் படை நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டு 1947 மே 3ஆம் திகதி தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு அறுபது வயது. இன்று போலந்துக்குள் இருக்கும் மெசெறிற்ஸ்-ஒப்றாவால்ட மனநோய் வைத்தியசாலையின் மருத்துவர் ஹில்ட வேர்னிக்கும் தாதி ஹெலன வீச்சோறெக்கும் பேர்லின் நீதிமன்றத்தால் மரண தண்டனை பெற்று 1947 ஜனவரியில் மாண்டனர். ஜப்பானில் கியூஷூ பல்கலைக்கழகத்தில் 1945இல் சிறைபிடிக்கப்பட்ட அமெரிக்க விமானப்படையினர் எட்டுப் பேரை உயிரோடு அறுத்துப் பரிசோதித்த கொடுமைக்காக 1948இல் யோக்கொஹாமாவில் வழக்கு நடந்தது. அந்தக் கூண்டிலும் பேராசிரியர்களோடு ஒரு தலைமைத் தாதி இருந்தார்.

இந்த நீதியை முழுமையானது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். ஹடமாரின் ஹூபர் 1952இலேயே வெளியே வந்துவிட்டார். கியூஷூ வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்டவர் ஒருவர்கூடத் தூக்கிலேறவில்லை. 1965இல் மெசெறிற்ஸ் வைத்தியசாலையின் தாதியர் பதினான்கு பேர் மியூனிக் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். பதினான்கு பேரும் விடுதலையாயினர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தாதிக்கு மரண தண்டனை பெற்றுக்கொடுத்த அதே வைத்தியசாலை, அதே ஊசி. மருத்துவர் சொன்னார், நாங்கள் செய்தோம், கீழ்ப்படிவதே எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது என்று அவர்கள் சொன்னார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. ஆயினும் அந்த வழக்குகளில் ஒரு பயன் உண்டு. மேலதிகாரியின் கட்டளை என்பது குற்றத்தை அழித்துவிடாது என்ற விதியில் படையினருக்கு மட்டுமன்றித் தாதிக்கும் இடமுண்டு என்பது அவற்றால் எழுத்தில் ஏறியது. தாதிக்குச் சுயமான மனச்சாட்சி உண்டு என்பதை ஒப்புக்கொண்டதனாலேதான் அவரைக் கூண்டில் ஏற்ற முடிந்தது. ஒரு வகையில் அதுவும் அந்தத் தொழிலுக்குக் கிடைத்த மதிப்புத்தான்.

இனி வட்டக்கச்சிக்கு வருகிறேன்.

கிளிநொச்சிக்குக் கிழக்கே, இரணைமடு வாய்க்கால் நீரை நம்பி நெல் விளையும் குடியேற்ற ஊர் அது. 2008இன் பிற்பகுதியில் ஏ9 வீதிக்கு மேற்கே இருந்த சனமெல்லாம் கிழக்கு நோக்கி நகர்ந்தபோது வளவுக்கு வளவு, மரத்துக்கு மரம் தறப்பாள் கட்டிய ஊர்களுள் இதுவும் ஒன்று. அந்த ஆண்டு செப்டெம்பரிலேயே ஐக்கிய நாடுகள் நிறுவனப் பணியாளரும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களும் அரசின் உத்தரவின்பேரில் கிளிநொச்சியை விட்டு வெளியேறிவிட்டனர். செஞ்சிலுவைக் குழு மாத்திரம் நின்றது. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி நகர் படையினர் வசமாயிற்று. அதற்கு முன்னரே வைத்தியசாலை தருமபுரத்துக்கு மாறியிருந்தது. அதன் பின்னர் விசுவமடு, உடையார்கட்டு, வள்ளிபுனம், புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று ஓடியோடி முடிந்தது. வன்னியில் இருந்த ஒவ்வொரு வைத்தியசாலையும் எறிகணை வீச்சுக்கு உள்ளானது, சில பலமுறை உள்ளாயின என்று ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 மார்ச்சில் எழுதியது. புதுக்குடியிருப்பு வைத்தியசாலை ஜனவரி இறுதிக்கும் பெப்ரவரி 4ஆம் திகதிக்கும் இடையில் ஒன்பது முறை நேரடியாகத் தாக்கப்பட்டது. அந்த நாட்களில்தான் பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய ராஜபக்ச, பாதுகாப்பு வலயத்துக்கு வெளியே வைத்தியசாலை எதுவும் இயங்கக்கூடாது, அங்கிருப்பவை எல்லாம் தாக்குதலுக்கு உரியவையே என்ற பொருள்படப் பிரித்தானியத் தொலைக்காட்சி ஒன்றுக்குப் பேசினார்.

நான் சொல்லும் அக்கா அந்த ஓட்டத்தில் ஐந்து இடங்களில் வேலை செய்தவர். தருமபுரத்தில் தொடங்கிப் புதுமாத்தளனில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடம் வரை அவர் சொன்னவற்றில் பெரும்பாலானவை வாசகர்கள் ஏற்கெனவே அறிந்தவை. மரக்கிளையில் தொங்கிய சேலைன் போத்தல், கிழித்துக் கட்டிய சேலைத் துணி, தரையில் படுத்த காயக்காரருக்கிடையே கால் வைக்க இடமில்லாமை. ஆனால் ஒன்றைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது.

"மயக்க மருந்து இல்லை தம்பி. பொடியனுக்கு எட்டு வயசிருக்கும். காலை எடுக்கவேணும். நான்தான் அவன்ர தோளை அமத்திப் பிடிச்சனான். அவன் என்ர முகத்தைத்தான் பாத்துக்கொண்டிருந்தவன். மிஸ்ஸி விடுங்கோ, மிஸ்ஸி விடுங்கோ எண்டு."

பிறகு சொன்னார்: "அதுவும் ஒரு சித்திரவதைதானே? அதுக்கும் ஆரும் கேள்வி கேட்பினமோ எண்டுதான் கேட்டனான்."

பதினாறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தாதி தன்னைத்தானே கூண்டில் ஏற்றி வைத்திருக்கிறார். ஹடமாரின் தாதியர் அலுமாரி நிறைய மோர்பின் வைத்திருந்து அதைக் கொல்வதற்குப் பயன்படுத்தினர். புதுமாத்தளனில் காலை வெட்டுவதற்குக்கூட மயக்க மருந்து இல்லை. இல்லாமற்போனது தற்செயலும் அன்று. வன்னியில் எழுபதினாயிரம் பேரளவிலேயே இருக்கின்றனர் என்று அரசு கூறியது. போர் முடிந்தபோது இரண்டு இலட்சத்து எண்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் வவுனியா முகாம்களில் அடைக்கப்பட்டனர். ஆட்தொகையைக் குறைத்துக் கூறி உணவையும் சத்திரசிகிச்சைக்கு வேண்டிய மருந்துகளையும் அரசு மறுத்தது என்று நிபுணர் குழுவின் அறிக்கை தெளிவாகவே சொல்கிறது. அந்தச் சிறுவனின் கதறலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கப்பலில் எதை ஏற்றலாம், எதை ஏற்றக்கூடாது என்று பட்டியலில் கோடிட்டவர். தோளைப் பிடித்த கையன்று. அக்காவுக்கு இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். நம்பினாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

இப்போது அந்தப் பதிவேட்டுக்காரர் மேர்க்லெயை நினைத்துக்கொள்ளுங்கள்.

வன்னியின் அரச மருத்துவர்கள் து. வரதராஜா, த. சத்தியமூர்த்தி, வி. சண்முகராஜா முதலானோர் இறுதிவரை நின்றவர்கள். நாள்தோறும் எத்தனை பேர் இறந்து வந்தனர், எத்தனை பேர் காயப்பட்டு வந்தனர் என்று வெளியுலகுக்குத் தொலைபேசியில் சொன்னவர்களும் அவர்களே. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன? விடுதியிலும் வாசலிலும் இருந்த தாதியரும் சிற்றூழியரும் எழுதியவற்றிலிருந்துதான். 2009 மே நடுப்பகுதியில் வெளியே வந்தபோது மருத்துவர்கள் கைதாகிக் கொழும்பில் தடுத்து வைக்கப்பட்டனர். ஜூலை 8ஆம் திகதி ஐந்து மருத்துவர்கள் ஊடகவியலாளர் முன் கொண்டுவரப்பட்டனர். தாங்கள் கூறியவை மிகைப்படுத்தப்பட்டவை, புலிகளின் அழுத்தத்தால் அப்படிச் சொன்னோம், ஜனவரி முதல் மே வரை இறந்த பொதுமக்கள் 650 முதல் 750 வரை என்று சொன்னார்கள். ஐ.நா.வின் சொந்தக் கணக்கிலேயே 2008 ஓகஸ்டிலிருந்து 2009 மே 13 வரை 7,721 பேர் இறந்திருந்தனர். நாற்பதாயிரம் வரை இருக்கலாம் என்பதை மறுக்கமுடியாது என்று பின்னர் நிபுணர் குழு எழுதியது. வரதராஜா நாட்டை விட்டு வெளியேறிய பின்னர், அன்று பேசியது தாங்களாகப் பேசியதன்று என்று வெளிப்படையாகக் கூறினார்.

தடுப்புக்காவலில் இருந்து வந்து ஒலிவாங்கி முன் அமர்ந்தவர் சொன்ன எண்ணுக்கு நான் அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். அந்த மாநாட்டில் இருந்திருக்கக்கூடிய எந்த ஊடகவியலாளனுக்கும் அது விளங்கியிருக்கும். வீஸ்பாடனில் பொய்ப் பதிவேட்டை எழுதியவர் 35 ஆண்டு சிறைக்குப் போனார். கொழும்பில் உண்மைப் பதிவேட்டை வைத்திருந்தவர்கள் சிறையிருந்து, பொய் எண்ணைச் சொன்ன பின்னர் ஓகஸ்டில் பிணையில் வந்தார்கள். மருத்துவ நெறிக்கமைய எவருக்குச் சிகிச்சை அளித்தாலும் அதற்காக ஒருவரைத் தண்டிக்கக்கூடாது என்பது வழமைச் சர்வதேச சட்டம். ஜெனீவா உடன்படிக்கைகளின் மேலதிக நெறிமுறைகளில் இலங்கை கையெழுத்திடாவிட்டாலும் இந்த விதி அதைக் கட்டுப்படுத்தும்.

யாழ்ப்பாணத்தவருக்கு இது புதிதுமன்று. 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். இந்திய அமைதிப்படையினர் யாழ் போதனா வைத்தியசாலைக்குள் புகுந்து சுட்டதில் மருத்துவர், தாதியர், ஊழியர் 21 பேர் உட்பட ஏறத்தாழ எழுபது பேர் மாண்டனர். சீருடையோடு, கைகளை உயர்த்திக்கொண்டு வந்த மருத்துவரும் சுடப்பட்டார். எந்த நாட்டின் எந்த நீதிமன்றிலும் எவரும் அதற்காக நிறுத்தப்படவில்லை.

சீருடை அணிந்த எல்லாரும் தூயவர் என்று எழுத நான் முற்படவில்லை. கிளிநொச்சி மாவட்டத்திலேயே 2013 ஓகஸ்ட் மாத இறுதியில் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய மூன்று கரையோரக் கிராமங்களில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். பிள்ளைகளின் போசாக்கைப் பார்ப்பதற்கென்று அழைக்கப்பட்ட தாய்மாரின் கையில் தோலுக்கடியில் கருத்தடைக் குச்சிகள் வைக்கப்பட்டன. ஒப்புக்கொள்ளாவிட்டால் இனி வைத்தியசாலையில் சிகிச்சை கிடைக்காது என்று அங்கிருந்த சுகாதாரப் பணியாளர் கூறியதாகத் தாய்மார் சொன்னதை மனித உரிமை அமைப்பொன்று ஆவணப்படுத்தியது. அன்றைய பணியாளருள் தமிழ் பேசுவோரும் இருந்திருப்பர். மேலிடத்து உத்தரவு என்று சொல்லியிருப்பர். இதனை ஹடமாருடன் ஒப்பிடுவது அபத்தம். ஆனால் "மேலிடத்து உத்தரவு" என்ற சொற்றொடர் மியூனிக்கிலும் கிராஞ்சியிலும் ஒன்றுதான். அதைக் கேள்வி கேட்கப் பழகாத தாதியர் பயிற்சி எந்த நாட்டிலும் ஆபத்தானது. 2019இல் குருநாகலில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர் சிங்களத் தாய்மாரை இரகசியமாக மலடாக்கினார் என்று ஆதாரமே இல்லாமல் ஒரு பத்திரிகை எழுதி அவரைச் சிறைக்கனுப்பியதும் இதே நாட்டில்தான். குற்றச்சாட்டு எழுதுவதற்கு முன் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எங்கள் தொழிலுக்கு வேறில்லை.

எழுதத் தயங்கிய பகுதிக்கு வந்துவிட்டேன்.

அக்காவிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. பெயர், ஊர், வயது, காயம், நேரம். உத்தியோகபூர்வப் பதிவேடு எங்கோ இடப்பெயர்வில் போனபின் தாமாகவே எழுதத் தொடங்கியதாம். மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடக்கும்போது, படையினர் சோதிப்பார்கள் என்ற பயத்தில் அதைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டார். அவ்வாறு அந்த நீரேரிக்குள் எத்தனை பேருடைய காகிதங்கள் போயின என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. கொப்பி போனாலும் அவருக்கு நினைவு இருக்கிறது. அதில் ஒரு பகுதியை அவர் எவரிடமும் சொன்னதில்லை.

"காயத்தைப் பாத்தாத் தெரியும் தம்பி, எந்தப் பக்கத்தால வந்தது எண்டு. எல்லாம் ஆமிக்காரன்ர பக்கத்தால வந்ததெண்டு நான் சொல்லமாட்டன்." அவ்வளவுதான் சொன்னார். தேநீர் எடுத்துவர உள்ளே போய்விட்டார்.

அவர் என்ன சொல்கிறார் என்பது வன்னியில் இருந்த எவருக்கும் விளங்கும். தப்பியோடிய மக்களைப் புலிகள் சுட்டதும், இறுதி மாதங்களில் பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு போனதும், மக்கள் நடுவிலிருந்து எறிகணை வீசியதும் அதே நிபுணர் குழு அறிக்கையில் இருக்கின்றன. அறிக்கையின் முதற்பாதியை மேடைகளில் வாசிக்கும் நாம் இந்தப் பக்கங்களைப் புரட்டுவதில்லை. மே மாதம் வந்தால் வன்னித் தாதியரைத் தெய்வமாக்கி விளக்கேற்றுகிறோம். தெய்வத்திடம் வாக்குமூலம் எடுக்கவேண்டிய அவசியம் இல்லையல்லவா? யாழ் வைத்தியசாலைப் படுகொலையை எழுத்தில் வைத்தவர்களுள் ஒருவர் மருத்துவர் ராஜினி திராணகம. யாழ் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்தவர். இந்தியப் படையின் கொடுமையையும் எழுதினார், இயக்கங்களின் கொடுமையையும் எழுதினார். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகளே செய்தனர் என்று பரவலாகக் கருதப்படுகிறது. இரண்டு பக்கக் கணக்கையும் ஒரே கொப்பியில் எழுதிய மருத்துவருக்கு நம்மிடையே கிடைத்த இடம் அது.

இதை எழுதினால் அரசுக்கு வாய்ப்பளிக்கிறாய் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுடைய அச்சத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. ஆனால் நீதிமன்றம் எப்படி இயங்குகிறது என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஒரு பக்கக் காயத்தை மட்டும் சொல்லும் சாட்சியைக் குறுக்கு விசாரணையில் முறித்துவிடுவது எளிது. இரண்டையும் சொல்லும் தாதியின் சாட்சியத்தை அசைப்பது கடினம். புதுக்குடியிருப்பு வைத்தியசாலையின் கூரையைத் துளைத்தது எது என்று அவர் சொல்லும்போது கேட்பவர் நம்புவதற்குக் காரணமே, மற்றதையும் அவர் மறைக்கவில்லை என்பதுதான். வீஸ்பாடனில் குற்றத்தை நிறுவியதில் பெரும்பங்கு ஹடமாரின் உள்ளேயிருந்தவர்களின் வாய்மொழிக்கும் அங்கிருந்த பதிவேடுகளுக்கும் உண்டு.

காலம் கடந்துவிட்டது என்ற வாதத்தையும் நான் ஏற்கமாட்டேன். ருவாண்டாவில் 1994இல் நடந்த இனப்படுகொலைக்காக, புட்டாரே நகரின் மகப்பேற்று மருத்துவர் சொஸ்தென் முன்யெமானாவுக்குப் பிரான்ஸ் நீதிமன்றம் 2023 டிசெம்பரில் 24 ஆண்டுச் சிறை விதித்தது. இன்னொரு மருத்துவரான யூஜின் ருவாமுச்யோவுக்கு 2024 ஒக்டோபரில் 27 ஆண்டுகள். நடந்து முப்பது ஆண்டுகள், நடந்த இடத்திலிருந்து ஆயிரக்கணக்கான மைல்கள். 2001இல் பெல்ஜியம் இரண்டு ருவாண்டா அருட்சகோதரிகளையே தண்டித்தது. அவர்களுடைய மடத்தின் சுகாதார நிலையத்தில் தஞ்சம் புகுந்தோரைக் கொலையாளிகளிடம் விட்டுக்கொடுத்ததற்காக. இவையெல்லாம் சாத்தியமானது உயிர்தப்பியவர்கள் ஆண்டுக்கணக்காகப் பெயர், இடம், நேரம் என்று எழுதி வைத்ததால்.

நமக்கும் ஒரு வாயில் திறந்திருக்கிறது. 2021 மார்ச்சில் மனித உரிமைப் பேரவை நிறைவேற்றிய 46/1 தீர்மானத்தின்படி, இலங்கை தொடர்பான சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் பணி ஜெனீவாவில் உயர்ஸ்தானிகர் அலுவலகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் அது தொடர்ந்து நீடிக்கப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் வட்டக்கச்சி அக்கா ஜெனீவாவுக்கு எழுதப்போவதில்லை. அவருக்கு அரசாங்க ஓய்வூதியம் வருகிறது. மகன் அரச உத்தியோகத்தன். வீதியில் புலனாய்வுக்காரரின் மோட்டார் சைக்கிள் இன்றும் போய்வருகிறது. மறுபக்கத்தில், பேசினால் துரோகி என்று எழுதுவதற்கு இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஆள் இருக்கிறது. பேசாதிருப்பதற்கு அவருக்கு இருக்கும் காரணங்களில் பாதியை அரசு கொடுத்தது. மீதியைக் கொடுத்தது நாம்.

அரசின் பங்கை நம்மால் உடனே மாற்ற முடியாது. நம்முடைய பங்கை மாற்றலாம். புலம்பெயர் நாடுகளில் தாதியராகவும் மருத்துவராகவும் சட்டத்தரணிகளாகவும் பணிபுரியும் தமிழர் எத்தனை ஆயிரம்! ஒரு தாதியிடம் இன்னொரு தாதி கேட்டால் வரும் பதில் வேறு. மேடை வேண்டாம், கமரா வேண்டாம், பெயரும் வேண்டாம். வாக்குமூலத்தை முறையாக எடுத்து, முத்திரையிட்டு, அவர் உயிரோடிருக்கும் வரை திறக்கக்கூடாது என்று கேட்டால் அதற்கும் ஒப்புக்கொண்டு வைத்திருக்கலாம். 2009இல் நாற்பத்தைந்து வயதாயிருந்த தாதி இன்று அறுபதைக் கடந்துவிட்டார். அக்காவுடன் வேலை செய்தவர்களில் மூவர் இப்போது இல்லை என்று அவரே விரல்விட்டுச் சொன்னார்.

வாய்மொழி வருமட்டும் காத்திராமல் செய்யக்கூடிய ஒரு வேலையும் உண்டு. 2009 பெப்ரவரி 10 தொடக்கம் மே 9 வரை செஞ்சிலுவைக் குழுவின் கப்பல் ஏறத்தாழ பதினாலாயிரம் நோயாளரையும் உறவினரையும் கரையிலிருந்து ஏற்றிச் சென்றது. அவர்கள் புல்மோட்டையிலும் திருகோணமலையிலும் அதற்கப்பாலும் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டனர். வெளியேறும்போது நோயாளியின் கையில் ஒரு டயக்னோசிஸ் அட்டை கொடுப்பது நம் வைத்தியசாலைகளின் வழமை. அனுமதித்த திகதி, காயத்தின் தன்மை, செய்த சத்திரசிகிச்சை எல்லாம் அதில் இருக்கும். சில அட்டைகளில், வன்னியில் முதற்கட்டு கட்டிய இடத்தின் பெயரும் உண்டு. வட்டக்கச்சியிலும் அயலூர்களிலும் நான் போன வீடுகள் சிலவற்றில் அவ்வட்டைகளைச் சொப்பிங் பையில் சுற்றி, காணி உறுதியோடும் பிறப்புச் சான்றிதழோடும் வைத்திருக்கிறார்கள். மை மங்கத் தொடங்கிவிட்டது. ஒரு வீட்டில் கறையான் ஓரத்தைத் தின்றுவிட்டிருந்தது. திகதி மட்டும் தப்பியிருந்தது. ஒரு மடிக்கணினியும் ஒரு ஸ்கேனரும் கொண்ட இரண்டு பேர் ஊர் ஊராகப் போனால், ஒரு காலபோகம் முடிவதற்குள் கிளிநொச்சி மாவட்டத்தின் கிழக்குப் பகுதியை முடித்துவிடலாம்.